அலிபிரிக்கு ஒரு ஹோஸ்டிங் கடை

திருமலையின் அடிவாரமான அலிபிரியில், நடந்து மலையேற வருபவர்கள் பையைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கவுன்டரில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்கிறார்கள். 3,550 படிகளையும் வெறுங்கையோடு ஏறி, மேலே சீட்டைக் காட்டிப் பையைப் பெறுகிறார்கள். வெப் ஹோஸ்டிங்கும் இதே வேலைதான்: அடுத்தவர் பொருளை வாங்கிவைத்து, கேட்கும்போது கெடாமல் தருவது. திருப்பதியிலோ சித்தூரிலோ இத்தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர், விலைப்பட்டியல் போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

ஏனென்றால் விலையில் அவரால் ஜெயிக்க முடியாது. 1998இல் நிலைமை வேறு. பவின் துராக்கியா, திவ்யாங்க் துராக்கியா என்ற சகோதரர்கள் தந்தையிடம் 25,000 ரூபாய் கடன் வாங்கி, மும்பையில் டைரக்டியைத் தொடங்கினார்கள். பிறகு மற்ற ஹோஸ்டிங் கடைக்காரர்களுக்கே சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரிகளாக வளர்ந்தார்கள். 2014இல் அந்தப் பிரிவை அமெரிக்காவின் என்டூரன்ஸ் வாங்கியது. பிக்ராக், ப்ளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் என்று நாம் ஒப்பிட்டுப் பார்க்கும் பெயர்கள் எல்லாம் ஒரே குழுமத்துக்குள் வந்துவிட்டன. முதல் ஆண்டு அடிமாட்டு விலைக்குக் கொடுத்து, ரினியூவலில் பிடித்துக்கொள்ள அந்தக் குழுமத்தால் முடியும். இடத்தை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் ரீசெல்லராகத் தொடங்குபவருக்கு அந்த மூச்சு கிடையாது.

இன்னொரு வழியும் 2019இல் அடைபட்டது. அதுவரை, தளங்களை நிர்வகிக்க உதவும் சிபேனல் மென்பொருளுக்கு ஒரு சர்வருக்கு இவ்வளவு என்று கட்டணம். அதில் 50 தளம் வைத்தாலும் 300 தளம் வைத்தாலும் செலவு ஒன்றே. சிறிய ஹோஸ்டிங்காரர்களின் லாபம் அந்த நெரிசலில்தான் இருந்தது. அந்த ஆண்டு ஜூனில் சிபேனல் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்தது. நூறு ரூபாய்க்கு இடம் விற்றவர்களுக்கு, சேரும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் செலவாகிப்போனார். இலவச மென்பொருள்களுக்கு மாறலாம். ஆனால் பழுதானால் கேட்க ஆள் இருக்காது, தானே கற்றுத் தேற வேண்டும்.

பிறகு எதற்கு இந்தத் தொழில்? திருப்பதியைப் பாருங்கள். விடுதிகள், டாக்ஸிக்காரர்கள், சத்திரங்கள். வாடிக்கையாளர் வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறார். தேவஸ்தானத்தின் பெயரில் போலித் தளங்கள் முளைப்பதும், தேவஸ்தானம் எச்சரிப்பதும் ஓயவில்லை. 2024 ஜனவரியில் தேவஸ்தானத் தளத்தின் அதிகாரபூர்வ முகவரியே மாறியது. எது அசல் என்று பக்தர் தடுமாறும் ஊரில், ஒரு விடுதியின் உண்மையான தளம் திறக்காமல் போவது சின்ன விஷயமல்ல. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் தளம் படுத்துவிட்டால் விடுதிக்காரருக்குப் புகார் எண் வேண்டாம். தெலுங்கிலோ தமிழிலோ பேசும் ஒரு மனிதக் குரல் வேண்டும். பெரிய நிறுவனம் விற்க முடியாத சரக்கு அதுதான். அதற்கு நியாயமான விலை கேட்க வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் அந்த விலைக்கு நம்பிக்கையும் தர வேண்டும்.

தளம் செய்துகொடுத்தவர் தன் பெயரிலேயே டொமைனைப் பதிந்துவிட, அவர் ஊர் மாறியதும் கடையின் முகவரியையே இழந்த சிறு வியாபாரிகள் எத்தனையோ பேர். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். டொமைன் வாடிக்கையாளர் பெயரில், அவர் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வேறிடம் போகிறேன் என்றால் மாற்றக் குறியீட்டை அன்றே தர வேண்டும்.

பேக்கப்பும் அப்படித்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் தீயில் எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் சிலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு தளத்தையாவது மீட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி சைபர் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மெய்நிகர் சர்வர் (விபிஎஸ்) கொடுப்பவர் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இவ்வளவையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டு, இரவில் போன் வந்தாலும் எடுக்க முடிகிற அளவுக்கு எத்தனை தளமோ, முதல் ஆண்டு அத்தனைக்கு மேல் ஒன்றுகூடச் சேர்க்கக் கூடாது.