லென்ஸ் விலை கேட்டீங்க, அளவு கேட்டீங்களா?

திருப்பூர்க்காரங்களுக்கு ஜிஎஸ்எம் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். துணியில 100 சதுர சென்டிமீட்டர் வட்டமா வெட்டி எடை போட்டு, வர்ற கிராமை 100-ஆல பெருக்கினா முடிஞ்சுது. அது தப்பினா பையர் சரக்கை எடுக்க மாட்டார். பனியன் துணிக்கே இவ்வளவு பார்க்கிற நாம, அம்மாயிக்குக் கண்புரை ஆபரேஷன்னா கேட்கிறது ஒரே கேள்விதான்: "லென்ஸ் என்ன விலை?"

மதுரையில அரவிந்த் கண் மருத்துவமனையோட ஆரோலேப் 1992-ல் லென்ஸ் தயாரிக்க ஆரம்பிச்சதுமே விலை பெருமளவு இறங்கிடுச்சு. இனி நாம கேட்க வேண்டியது அளவைப் பத்தி.

முக்கியமா ரெண்டு அளவு வேணும். கருவிழியோட வளைவைக் கெரட்டோமீட்டர் சொல்லும். கண்ணோட நீளத்தை ஏ-ஸ்கேன் சொல்லும். ஒலி அலை உள்ளே போய்த் திரும்புற நேரத்தை வச்சுக் கணக்குப் போடும். சராசரி நீளம் சுமார் 23.5 மி.மீ. அதுல 1 மி.மீ. தப்பினா லென்ஸ் பவர் ஏறக்குறைய 2.5 டயாப்டர் தப்பும். கருவிழி மேல புரோபைக் கொஞ்சம் அழுத்திட்டாலே நீளம் குறைவா காட்டும். 1949-ல் லண்டன்ல ஹரால்ட் ரிட்லி முதன்முதலா லென்ஸ் பொருத்தினப்போ, பவர் தப்பி, நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துச்சு.

1999-ல் வந்த ஐஓஎல் மாஸ்டர் கண்ணைத் தொடாம ஒளியாலேயே அளக்கும். ஆனா புரை ரொம்ப முத்திட்டா ஒளி உள்ளே போகாது, மறுபடி ஏ-ஸ்கேன்தான். அதனால புரை முத்தட்டும்னு வருஷக்கணக்கா தள்ளிப்போடாதீங்க.

எந்த மெஷினுக்கும் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு: அந்தக் கண் என்ன வேலை செய்யுதுன்னு. சாதாரண லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவா காட்டும். பெரும்பாலும் தூரப்பார்வைக்கு வைப்பாங்க. செக்கிங் டேபிள்ல ஊசி ஓட்டை, ஆயில் கறை பார்க்கிற அக்காவுக்குத் தேவை கிட்டப்பார்வை. தூரத்துக்கு வச்சா, வேலைக்குக் கண்ணாடி போட்டே ஆகணும். அது ஆபரேஷனுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரியணும், இல்லையா? டாக்டர்கிட்ட அவங்களா பேச மாட்டாங்க. கூடப் போற நீங்க சொல்லுங்க: "இவங்க செக்கிங் வேலை பார்க்கிறாங்க. பவர் எந்தத் தூரத்துக்கு வைக்கிறீங்க?"

உங்களுக்கும் ஒண்ணு. லேசிக் பண்ணினவங்க பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. லேசிக் கருவிழி வளைவையே மாத்திடுது. வழக்கமான ஃபார்முலா அங்கே தடுமாறும். வயசான பிறகு லென்ஸ் பவர் கணக்குப் போட அந்தப் பழைய நம்பர்கள் உதவும்.