குடிநீரில் மிஞ்சும் அலுமினியக் கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள்

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைத் தலைவர் அவர்களுக்கு,

வவுனியாவில் கிணற்றை நம்பப் பயந்து, பேராற்று நீர்த்தேக்கத்துக் குழாய்நீருக்கு மாறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மாரியில் குளத்து நீர் கலங்கித்தான் வரும். சீனக்காரமோ (அலுமினியம் சல்பேற்) பொலி அலுமினியம் குளோரைட்டோ போன்ற ஒன்றைப் போடாமல் அதைத் தெளிய வைக்க ஏலாது. கலங்கல் நீரில் குளோரினும் ஒழுங்காக வேலை செய்யாது. ஆகவே சீனக்காரத்தை நஞ்சென்று பயமுறுத்தி வடிகட்டி விற்பவர்களின் பக்கம் நான் இல்லை. பரந்தன் தொழிற்சாலையில் ஒருகாலம் குளோரினே தயாரித்த வன்னிக்காரர் நாங்கள். இரசாயனத்தின் பெயரைக் கேட்டு மிரள மாட்டோம்.

என் கவலை போடும் அளவைப் பற்றியது. மழைநாளுக்கு ஓர் அளவு, வெயில்நாளுக்கு இன்னோர் அளவு. ஒரே நீரை வரிசையாக முகவைகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு மருந்து விட்டு, துடுப்புச் சுழல, எதில் அழுக்குத் திரண்டு அடியில் படிகிறதென்று உங்கள் ஆய்வுகூடத்தார் பார்ப்பார்கள். அந்தக் கணக்குப் பிசகினாலோ, நீரின் பி.எச். எல்லை தாண்டினாலோ, அலுமினியம் கரைந்தபடியே வீட்டுக்கு வரும். பார்வைக்கு நீர் தெளிவாகத்தான் இருக்கும். நன்றாக இயங்கும் பெரிய நிலையங்களில் லீற்றருக்கு 0.1 மில்லிகிராமுக்குள்ளும் சிறியவற்றில் 0.2க்குள்ளும் மிஞ்சும் அலுமினியத்தை வைத்திருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உடலில் சேரும் அலுமினியத்தைச் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. எங்கள் கிராமங்களிலோ காரணம் துலங்காத சிறுநீரக நோயாளர் இருக்கிறார்கள். 1970களில் டயாலிசிஸ் நீரிலிருந்த அலுமினியம் நோயாளரின் மூளையைத் தாக்கியது மருத்துவ உலகம் அறிந்தது. குடிநீரால் வரும் ஆபத்து அந்த அளவுக்கில்லை. ஆனாலும் கணக்கு இல்லாமல் எப்படி நிம்மதியாயிருப்பது?

மறைப்பது எவ்வளவு தவறென்பதற்கு ஓர் உதாரணம்: 1988 ஜூலையில் இங்கிலாந்தின் கேம்ல்ஃபோர்டு அருகே 20 தொன் அலுமினியம் சல்பேற் தவறான தொட்டியில் கொட்டப்பட்டுக் குடிநீரில் கலந்தது. கொட்டியவர் அதைக் கொண்டுவந்த லொறி ஓட்டுநர். அதைவிடப் பெரிய குற்றம், நடந்ததை நீர் வழங்கியவர்கள் இரண்டு வாரத்துக்கும் மேலாக மக்களுக்கு மறைத்தது.

அழுக்குத் திரள உதவியாகப் பொலிஅக்ரிலமைட்டும் சேர்த்தால், அதிலிருந்து நீரில் எஞ்சும் அக்ரிலமைட் லீற்றருக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீரில் அதை அளப்பது கடினம். வாங்கும் பொருளின் தூய்மைச் சான்றும் போடும் அளவும்தான் காவல்.

ஐயா, மாத நீர்க்கட்டணப் பட்டியலின் பின்புறத்தைப் பயன்படுத்துங்கள். சேர்த்த பொருளின் பெயர், அம்மாத அலுமினிய அளவில் மிகக் கூடியது, பி.எச்., கலங்கல் ஆகிய நான்கையும் தமிழில் அங்கே அச்சிடுங்கள். வரும் மாரிக்கு முன்னரே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
வவுனியாவிலிருந்து ஒரு பாவனையாளர்