வெளியே நிக்க வெச்சா சரியாயிடுமா?



சேட்டை பண்றவனை "வெளியே போ"ன்னு அனுப்புறது சுலபம். எப்போ சேட்டை பண்றான்னு கவனிச்சோமா? சத்தமா வாசிக்கச் சொல்லும்போது மட்டும் வம்பு இழுக்கிறவனுக்கு, வாசிக்கவே வராம இருக்கலாம். வெளியே அனுப்பினா தப்பிச்சுக்குவான், வாசிப்பு வராது.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. அப்போ என்னதான் வழி?

ஆசிரியர் தனியாக் கூப்பிட்டு, "உனக்கு எதுப்பா கஷ்டம்?"னு கேட்கலாம். வகுப்புக்கு என்ன இடைஞ்சல்னும் சொல்லலாம். முதல் நாளே பத்தியைக் கொடுத்துப் பழக வைக்கலாமான்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம். சரிவரலைன்னா, மறுபடி பேசலாம்.

அவன் தடுமாறும்போது நாம சிரிக்காம இருக்கணும். அது நம்ம பங்கு!

– 9-ஆம் வகுப்பு மாணவி