தூக்குக் கயிறு மட்டும் போதுமா?

2018 அக்டோபரில் ஆத்தூர் வட்டாரத்தில் 13 வயது தலித் சிறுமி ஒருத்தி வெட்டிக் கொல்லப்பட்டாள். தகாத எண்ணத்தோடு நெருங்கியவனுக்கு இணங்க மறுத்ததே காரணம் என்பது பெற்றோரின் புகார். ஜில்லாவே கொதித்தெழுந்தது. கோபம் நியாயமானது. மறு ஆண்டு, 2019-ல், மத்திய சர்க்கார் குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தைத் திருத்தி மரண தண்டனையைச் சேர்த்தது.

ஒன்று கேட்கிறோம். கொடுமைக்கு ஆளாகி உயிரோடிருக்கும் குழந்தைகளுக்கு என்ன வழி? சட்டத்தில் ஒரு வரி சேர்க்கக் காலணாச் செலவில்லை. குழந்தையின் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கூட வர ஓர் ஆளை அமர்த்தினால் சம்பளம் தர வேண்டும். செலவில்லாத காரியம் உடனே நடக்கிறது. செலவுள்ள காரியம் தள்ளிப்போகிறது.

சட்டத்தில் இதற்கு இடமில்லையா? நிறைய இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, குழந்தைகள் நலக் குழு 'ஆதரவு நபர்' என்ற துணையாளை நியமிக்கலாம். வழக்கு முடியும் வரை அவர் குழந்தையோடு இருப்பார். தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் அவருக்குக் கொடுக்க வேண்டும். சாப்பாடு, துணிமணி, பஸ் செலவுக்குக் குழு சிபாரிசு செய்தால் ஒரு வாரத்துக்குள் பணம் வர வேண்டும். வழக்குப் பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் கோர்ட்டு இடைக்கால நஷ்ட ஈடு தர உத்தரவிடலாம். உத்தரவு கிடைத்த 30 நாளில் சர்க்கார் பணம் கட்ட வேண்டும். துணையாளைத் தருவது சர்க்காரின் கடமை, இஷ்டம் போல் விடக்கூடியதல்ல என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

பணம் எங்கே? குழந்தைகள் பாதுகாப்புக்கான வாத்ஸல்யா திட்டத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் மத்திய சர்க்கார் ஒதுக்கியது 1,500 கோடி ரூபாய். 2011 ஜனக்கணக்குப்படி நாட்டில் 18 வயதுக்குட்பட்டோர் 44 கோடிக்கு மேல். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு வருஷத்துக்கு 35 ரூபாய்கூட இல்லை. அநாதைக் குழந்தைகள் இல்லம், தத்து கொடுப்பது எல்லாம் இதற்குள்தான்.

சர்க்கார் தராத செலவை யார் சுமக்கிறார்கள்? கூலிக் குடும்பம்தான். ஆத்தூரிலிருந்து சேலம் ஐம்பது கிலோமீட்டர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தாய்க்கு ஒரு நாள் கூலி போச்சு; பஸ் கட்டணம் தனி. குமாரபாளையத்து விசைத்தறித் தொழிலாளி தறியை நிறுத்திவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போக முடியும். சாட்சியத்தை 30 நாளில் பதிய வேண்டும், கூடுமானவரை ஓராண்டில் வழக்கை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். இழுக்க இழுக்க லாபம் குற்றவாளிக்கே. அவன் தோட்டக்காரனாகவோ மேஸ்திரியாகவோ இருந்துவிட்டால், "பணத்தை வாங்கிக்கொண்டு பேசி முடி" என்று ஊர்ப் பெரியவர்கள் வந்துவிடுகிறார்கள். வயிறு காய்ந்தவன் எத்தனை நாள் தாங்குவான்?

தோழர்களே! இது ராஜியாகும் குற்றமல்ல. பஞ்சாயத்துக்கு இதில் வேலையில்லை. குழந்தையின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி, யூனிபாரம் இல்லாமல், வீட்டுக்கே வந்து எழுதலாம். இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் போலீசார் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமாக வைத்தியம் செய்தாக வேண்டும். 1098-க்குப் போன் செய்தால் காசில்லை. குழந்தையின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. சங்கத்தில் பேசும்போதும் இதை மறக்க வேண்டாம். தெரிந்தும் மறைப்பது குற்றம்.

சேலம், நாமக்கல் ஜில்லாக்களுக்கு நாம் கேட்பது இவைதான். தாலுகாவுக்குத் தாலுகா, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களை மாதச் சம்பளத்தில் துணையாளாக நியமிக்க வேண்டும். வாய்தா நாளில் பஸ் கட்டணத்தோடு இழந்த கூலியையும் கோர்ட்டு வாசலிலேயே தர வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் குழந்தையின் மனத்தைத் தேற்றத் தெரிந்த வைத்தியர் வேண்டும். நஷ்ட ஈடாக எவ்வளவு உத்தரவாயிற்று, எவ்வளவு கைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கைக் கலெக்டர் ஆண்டுதோறும் ஜனங்கள் முன் வைக்க வேண்டும்.

போனஸுக்கும் கூலி உயர்வுக்கும் மனு எழுதிய கைகள் இதற்கும் எழுதட்டும். ஒவ்வொரு மில் வாசலிலும் கிராமத்திலும் கையெழுத்து வாங்குவோம். நம் குழந்தை கோர்ட்டுப் படியில் தனியாக நிற்கக் கூடாது.