கடைசியில் வருபவர் யார்?

எங்கள் மலையேற்றக் குழுவில் பொறுப்பாளராகப் பெயர் கொடுப்பவர் கையில் மூன்று பொருள்களைக் கொடுப்போம். ஒரு விசில், ஒரு முதலுதவிப் பை, நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. விசிலையும் பையையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார்கள். நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டியதும் சிரிப்பு போய்விடும். ஒருமுறை ஒரு தம்பி கேட்டே விட்டார்: "ஏனுங்ண்ணா, ஞாயித்துக்கிழமை தூக்கத்த விட்டுட்டு, சொந்தக் காசுல பெட்ரோலப் போட்டுட்டு வர்றேன். சம்பளமா வாங்கறேன்? எனக்கெதுக்குங்ண்ணா ரூல்ஸு?"

நான் கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவன். ஆலையில் முதல் நாள் என் மேஸ்திரி ஸ்பானரைத் தொட விடவில்லை. மெஷினுக்குள் கை வைக்கும் முன் மெயினை அணை, ஃபியூஸைப் பிடுங்கு, பிடுங்கின ஃபியூஸை உன் சட்டைப் பையில் போட்டுக்கொள் என்றார். வேலை முடிகிற வரைக்கும் நானே கேட்டாலும் கொடுக்காதே, மானேஜர் வந்து நின்றாலும் கொடுக்காதே, உள்ளே இருப்பது உன் விரல் என்றார்.

தம்பிக்கும் அதையேதான் சொன்னேன். நோட்டில் இருக்கிற விதிகளில் முக்கால்வாசி, ஃபியூஸ் அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும் என்பதற்காக எழுதியவை. பயணத்தை நிறுத்தவோ பாதி வழியில் திருப்பவோ அவருக்கு மட்டும்தான் அதிகாரம். ஏன் திருப்பினாய் என்று குழுத் தலைவர்கூடப் பிறகு கேட்கக் கூடாது.

இன்று தமிழ்நாட்டில் மலையேற, சைக்கிள் மிதிக்க, பறவை பார்க்க என்று ஊருக்கு ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. பெரும்பாலும் தன்னார்வலர்கள் நடத்துபவை. வருகிறவர்களுக்கு நீளமாக நிபந்தனை போடுவார்கள்: குடிக்கக் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, ஷூ போட்டு வர வேண்டும். கூட்டிப் போகிறவருக்கு ஒரு வரி இருக்காது. பாவம், சும்மா செய்கிறார், அவரிடம் போய் என்னத்தைக் கேட்பது என்ற கூச்சம். எங்களுக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. அதைத் தாண்டிக்குடியில் தொலைத்தேன்.

2014 நவம்பர். கொடைக்கானல் கீழ்மலையில், காப்பித் தோட்டங்களையும் சோலைகளையும் ஒட்டிப் போகும் ஒரு பாதை. இருபது பேருக்கு மேல் கூட்டிப் போவதில்லை என்று எங்களுக்குள் வாய்ப்பேச்சாக ஒரு வழக்கம் இருந்தது. ஆனால் பேசியிருந்த வண்டியில் இருக்கை முப்பத்திரண்டு. ஆள் சேர்ந்தால் தலைக்கு இருநூறு ரூபாய் குறையும். முப்பத்தொரு பேரை ஏற்றிக்கொண்டேன். முன்னால் நான், கடைசியில் ஓர் இளைஞர், அவ்வளவுதான் ஏற்பாடு.

இறங்கும்போது பின்வரிசையில் ஒரு பெண்ணுக்குக் கால் பிசகியது. கடைசியில் வந்தவர் நல்ல பிள்ளை. அந்தப் பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எஸ்டேட் ஜீப் போகும் பாதை வழியாக வண்டிக்கு அழைத்துப் போனார். போகும்போது முன்னால் இருந்தவரிடம், "அண்ணன்கிட்ட சொல்லிடுங்க, நான் பின்னாடி இல்லைன்னு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்தச் செய்தி பத்து வாய் மாறி என்னிடம் வந்தபோது, "பின்னாடி யாரும் இல்லை, எல்லாரும் வந்துட்டாங்க" என்று ஆகியிருந்தது. நான் நிம்மதியாக நடையைக் கூட்டினேன்.

வண்டியருகே எண்ணினால் முப்பது. மூன்று முறை எண்ணினேன், ஓட்டுநரும் எண்ணினார். முப்பதுதான். கல்லூரிப் பையன் ஒருவன் அட்டையைப் பிடுங்க உட்கார்ந்திருக்கிறான். நிமிர்வதற்குள் மஞ்சு இறங்கிவிட்டது. பாதை பிரியும் இடத்தில் தப்பான பக்கம் திரும்பிவிட்டான். காட்டுமாடு நடமாடும் இடம். ஆறு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. அவனிடம் டார்ச் கிடையாது. கொண்டுவரச் சொல்லி நானும் கேட்டிருக்கவில்லை.

தேடிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. அவன் அம்மா. "தம்பி போன் எடுக்க மாட்டேங்கறானுங்க, பக்கத்துல இருக்கானுங்களா?" மலையில் சிக்னல் கிடைக்காதுங்கம்மா, நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்றேன். நாற்பது வருடத்தில் நான் சொன்ன பொய்களில் இன்றும் வயிற்றைப் பிசைவது அதுதான். ஏழரை மணிக்கு எஸ்டேட் வாட்ச்மேன் ஒருவர் அவனைத் தொழிலாளர் வீட்டில் காட்டினார். கம்பளி போர்த்தி, கடுங்காப்பி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன்தான் மன்னிப்புக் கேட்டான்.

தவறு யாருடையது? கால் பிசகிய பெண்ணை விட்டுவிட்டு வந்திருந்தால் கடைசியில் வந்தவரைத் திட்டியிருப்போம். வண்டிக் கணக்குக்காக ஆளைக் கூட்டியது நான். கடைசி ஆள் நகர்ந்தால் அந்த இடத்துக்கு யார் வருவது என்று முன்கூட்டியே சொல்லாததும் நான். ஆலையில் ஷிஃப்ட் மாறும்போது வருகிறவர் வந்து நோட்டில் கையெழுத்துப் போடாமல் போகிறவர் கேட்டைத் தாண்ட முடியாது. அதே மனுஷன் மலைக்கு வந்ததும் எல்லாவற்றையும் வாய்வார்த்தையில் விட்டிருக்கிறேன்.

நோட்டின் முதல் விதி அன்றைக்குப் பிறந்தது. கடைசியில் வருபவர் கழுத்தில் ஓர் ஆரஞ்சுத் துண்டு இருக்கும். அவர் நகர வேண்டிவந்தால் அதைக் கழற்றி இன்னொருவர் கழுத்தில் தன் கையால் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். சொல்லி அனுப்புவது செல்லாது. இருபது பேருக்கு இரண்டு பொறுப்பாளர்கள், இருபத்தொன்றாவது ஆள் என் மைத்துனனாக இருந்தாலும் அடுத்த வாரம்தான். (மைத்துனன் ஒரு வருடம் பேசவில்லை என்பது வேறு கதை.)

மூன்று வருடத்துக்குப் பிறகு, 2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை, குரங்கணி. தேனி மாவட்டம் போடிக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்களைக் காய்ந்த புல்வெளியில் தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூட்டிப் போனவர்களும் அதில் உண்டு. அன்றிரவு எங்கள் குழுவில் யாரும் தூங்கவில்லை. கோடையில் புல் காய்ந்த சரிவில் நாங்களும் எத்தனை முறை பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கியிருக்கிறோம்!

அதே ஆண்டு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்தார்கள். பயிற்சி பெற்ற பழங்குடி வழிகாட்டிகள் கூட வருகிறார்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதற்குப் பிறகு குழுக்களுக்குள் ஒரு சோம்பல் வந்திருக்கிறது. வழிகாட்டிதான் வருகிறாரே, நமக்கென்ன என்கிறார்கள். காட்டில் எந்தப் பக்கம் யானை நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். நாம் கூட்டிவந்த கூட்டத்தில் யாருக்குச் சர்க்கரை, யார் போன மாதம்தான் ஸ்டென்ட் வைத்தார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வெள்ளியங்கிரி ஏழு மலைக்கும் இது பொருந்தும். சீசனில் மூச்சுத் திணறி இறந்தவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. வரவேண்டாம் என்று ஒருவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லும் உரிமை பொறுப்பாளருக்கு எழுத்தில் இருந்தால்தான் வாய் வரும். இல்லாவிட்டால் பெரியவர் மனம் கோணுமே என்று ஏற்றிக்கொண்டுவிடுவோம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவுப்படி, கவனக்குறைவால் ஒருவருக்கு மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அது இரண்டு ஆண்டுகளாக இருந்தது. கூட்டிப் போனவர் சம்பளத்துக்குப் போனாரா, சும்மா போனாரா என்று அந்தப் பிரிவு பிரித்துப் பார்ப்பதில்லை. "எது நடந்தாலும் நானே பொறுப்பு" என்று பலரும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். குற்ற வழக்கு என்று வந்தால் அந்தத் தாள் குடை பிடிக்காது. அப்போது கையில் இருக்கப்போவது, நான் என்னென்ன பார்த்தேன், எதை வேண்டாம் என்றேன் என்று அன்றன்றைக்கு எழுதிய நோட்டுதான்.

இனி காசு. பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது காசைப் பேசுவது அற்பமாகத் தெரியும். என் அனுபவத்தில் மலையில் எடுக்கும் தவறான முடிவுகள் பாதி அங்கேதான் தொடங்குகின்றன. பெரும்பாலான குழுக்களில் நடப்பது இது: பொறுப்பாளர் தன் சொந்த ஜிபே எண்ணுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். வண்டிக்கு எட்டாயிரம் அட்வான்ஸ் கொடுக்கிறார். சனிக்கிழமை இரவு மழை கொட்டுகிறது. பயணத்தை நிறுத்தினால் வண்டிக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டார், வருவதாக இருந்தவர்கள் முழுப் பணத்தையும் கேட்பார்கள். எட்டாயிரமும் அவர் தலையில். மாதம் இருபதாயிரம் சம்பாதிக்கிற பையன் என்ன செய்வான்? வானத்தைப் பார்ப்பான், "விட்டுடும்" என்பான், விடியற்காலையில் கிளம்பிவிடுவான். ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் போனாலும் அக்கரைக்குக் கூட்டிப்போவான். அவனுக்கு அறிவில்லை என்று பிறகு நாம் பேசுவோம்.

அதனால் எங்கள் நோட்டின் இரண்டாம் பக்கம் முழுக்கக் காசுதான். பொறுப்பாளரின் சொந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் வரக் கூடாது, குழுவின் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் தலைக்கு ஐம்பது ரூபாயை மழைப்பணம் என்று தனியாக எடுத்துவைக்கிறோம். பயணம் நின்றால் வண்டி அட்வான்ஸ் அதிலிருந்து போகும். மழைப்பணம் வந்த முதல் வருடத்திலேயே ஐந்து பயணங்களைப் பொறுப்பாளர்கள் நிறுத்தினார்கள். அதற்கு முன் எத்தனை நிறுத்தியிருக்கிறோம் என்று பழைய கணக்கைப் புரட்டினேன். ஒன்றுகூட இல்லை. அந்த வருடங்களில் மழையே பெய்யவில்லை போலும்!

மற்ற விதிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். பெண்கள் வரும் பயணத்தில் பெண் பொறுப்பாளர் ஒருவராவது இருக்க வேண்டும். பொறுப்பாளர் மீதே புகார் இருந்தால் அவர் காதுக்குப் போகாமல் சொல்ல இன்னொருவரின் எண்ணை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். கடந்த ஓராண்டுக்குள் தான் நடந்து பார்க்காத பாதையில் யாரையும் கூட்டிப் போகக் கூடாது.

நோட்டின் கடைசிப் பக்கங்களுக்கு 'தப்பினது' என்று பெயர். ஆலையில் அடி படாமல் தப்பியதையும் எழுதுவோம், அந்தப் பழக்கம். யார் தவறு என்று எழுதக் கூடாது, என்ன நடந்தது என்று மட்டும் எழுத வேண்டும். "பாறைத்தேன் கூட்டுக்குக் கீழே ஒருவர் சிகரெட் பற்றவைத்தார், இருவருக்குக் கொட்டு." "ஹெட்லேம்ப் ஏழில் நான்கு எரியவில்லை." "வலதுபுறப் பாதையில் புதுச் சாணம், சூடாக இருந்தது, திரும்பினோம்." இந்த ஒற்றை வரிகளைப் படித்து எங்கள் பிள்ளைகள் கற்றுக்கொண்டது, நான் மணிக்கணக்கில் எடுத்த வகுப்பில் கற்றுக்கொண்டதைவிட அதிகம்.

இதெல்லாம் சும்மா கிடைக்கவில்லை. நோட்டு வந்ததும் நல்ல பொறுப்பாளர்கள் மூன்று பேர் விலகிவிட்டார்கள். "இது ஆபீஸ் மாதிரி ஆயிடுச்சுங்க" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆறு மாதம் ஞாயிறு நடைக்கு ஆள் இல்லாமல் திண்டாடினோம். அந்த மூவரில் ஒருவர் தனிக் குழு ஆரம்பித்து, நாற்பது நாற்பது பேராகக் கூட்டிப் போகிறார். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இனியும் ஆக வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் குழுவின் பெருமையை எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மலை ஏறினோம் என்ற கணக்கில் அளக்கிற வரை, திரும்பி வந்த பொறுப்பாளர் தோற்றவராகத்தான் தெரிவார். எங்கள் ஆண்டுவிழாவில் இப்போது திரும்பி வந்த பயணங்களைத்தான் முதலில் வாசிக்கிறோம். கைதட்டல் இன்னும் சுமார்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சங்கடம். சென்ற ஆண்டு எனக்கு இடது முழங்கால் போய்விட்டது. எந்தப் பாதையையும் ஓராண்டுக்குள் நடந்து பார்க்கவில்லை. ஜனவரியில் நோட்டைத் தூக்கிக்கொண்டு அந்தத் தம்பியே வந்தார், எதுக்குங்ண்ணா ரூல்ஸு என்று கேட்ட அதே தம்பி. நான் எழுதின வரியை எனக்கே விரல் வைத்துக் காட்டினார். விதியை எழுதியவனுக்கு ஒரு சலுகை இருக்கக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன். சிரிக்கவே இல்லை. இப்போது எனக்குக் கொடுத்திருப்பது வண்டியில் உட்கார்ந்து, இறங்கி வருகிறவர்களின் தலையை எண்ணும் வேலை. ஆரஞ்சுத் துண்டு கண்ணில் படுகிற வரை டிரைவரை இன்ஜினைத் தொட விடுவதில்லை. சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.