தண்டனையோடு முடிந்துவிடுவதில்லை!

"கோர்ட்டிலே தண்டனை கொடுத்துவிட்டார்கள். இனி என்ன இருக்கிறது?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறவர்கள் பலர். அது தவறு.

ஓசூர் வழக்கு ஒன்றைப் பாருங்கள்.

ஓசூர் அருகே பாகலூரில் 1998-ம் ஆண்டு கள்ளச்சாராயத்தை எதிர்த்து மறியல் நடந்தது. பஸ்கள் மீது கல் வீசப்பட்டது. அந்த வழக்கில் 2019 ஜனவரி 7-ந் தேதிதான் சென்னை தனிக்கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அப்போது மந்திரியாக இருந்த ஓசூர் எம்.எல்.ஏ. பாலகிருஷ்ண ரெட்டிக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை! மந்திரி பதவி போயிற்று, எம்.எல்.ஏ. பதவியும் போயிற்று.

அவர் வக்கீல் வைத்து ஐகோர்ட்டில் அப்பீல் செய்தார். 2023-ல் ஐகோர்ட்டு அவரை விடுதலை செய்தது. போன பதவி வரவில்லை. ஆனால் குற்றவாளி என்ற பெயர் நீங்கியது.

"அவர் மந்திரி. நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். சட்டம் இருக்கிறது!

தண்டனை பெற்ற ஏழைக்கு அப்பீல் செய்ய இலவசமாக வக்கீல் தரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1978-லேயே சொல்லிவிட்டது. ஜெயிலில் இருப்பவர், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளி ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமலே இந்த உதவி உண்டு. கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

ஆனால், நாட்கள் காத்திருக்காது. மாஜிஸ்திரேட்டு தண்டித்தால், செஷன்சு கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள்தான் கெடு. செஷன்சு கோர்ட்டு தண்டித்தால், ஐகோர்ட்டுக்குப் போக 60 நாள். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். அதைக் கேட்டு வாங்குங்கள். ஜெயிலில் இருப்பவர் ஜெயில் அதிகாரி மூலமே அப்பீல் மனுவை அனுப்பலாம்.

ஜாமீனில் இருந்தவருக்கு 3 ஆண்டு வரை தண்டனை கிடைத்தால், அப்பீல் செய்யப் போவதாக அதே கோர்ட்டில் அன்றே மனுப் போடவேண்டும். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் பெற அதுதான் வழி. வக்கீல் பக்கத்தில் இருந்தால் இது நடக்கும். இல்லாவிட்டால் நேரே ஜெயில்தான்!

"அப்பீல் செய்தால் தண்டனை கூடிவிடுமோ?" என்ற பயம் வேண்டாம். நீங்கள் செய்த அப்பீலில் உங்கள் தண்டனையைக் கூட்டமுடியாது. ஆனால் விடுதலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாட்சிகள் முன்பு சொன்னதைத்தான் மேல்கோர்ட்டு பெரும்பாலும் அலசிப் பார்க்கும். ஆகவே வக்கீலிடம் எதையும் மறைக்காதீர்கள்.

எல்லையில் வாழ்கிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். அத்திப்பள்ளியில் வழக்கு என்றால், வீடு ஓசூரில் இருந்தாலும், அப்பீல் கர்நாடகக் கோர்ட்டில்தான்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் பேசும் ஊர் ஓசூர். வட மாநிலத்தில் இருந்து வந்து உழைப்பவர்களும் உண்டு. இந்த விவரங்களை அவரவர் மொழியில் எழுதி ஆலை வாசலிலும், கோர்ட்டு வாசலிலும் அறிவிப்புப் பலகை வைத்தால் என்ன? செலவு கொஞ்சம்தான். பலனோ பெரிது!

குற்றம் செய்தவர் தண்டனை அடையட்டும். செய்யாதவர், வழி தெரியாத காரணத்தால் ஒரு நாள்கூட சிறையில் இருக்கக்கூடாது.