இடமில்லை என்பது சாக்கு

வெள்ளிதோறும் பிரியாணிக்கெனப் புதினாக் கட்டு வாங்குகிறோம். இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டைக் குப்பையில் எறிகிறோம். அத்தண்டைத் தொட்டி மண்ணில் ஊன்றி ஈரம் காத்தால் வேர்பிடித்துத் துளிர்க்கும். கேட்டால், இடமில்லையாம்! உடைந்த நாற்காலிக்கும் பழைய மெத்தைக்கும் மொட்டைமாடியில் இடமிருக்கிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் மட்டும் இல்லை.

தண்ணீர் இல்லை என்பது அடுத்த சாக்கு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கை கொள்ளும் அளவு நீரில் உளூச் செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டு ஐவேளையும் சாக்கடைக்கு நீர் வார்க்கிறோம். அதை ஒரு வாளியில் பிடித்தாலே நான்கைந்து தொட்டிகள் நனையும்.

இவற்றையும் மிஞ்சியது ஒன்றுண்டு. ஒரு முஸ்லிம் நட்டதைப் பறவை உண்டாலும் அது அவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அதை ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையசைக்கும் நாமே, தக்காளியைக் குருவி கொத்திவிட்டதென்று சலித்துத் தொட்டியைக் கவிழ்த்து வைக்கிறோம். எந்தக் கணக்கில் இது நட்டம்?

வரும் வெள்ளியன்று தண்டை எறியாதிருப்போம். அடியில் துளையிட்ட பழைய வாளியில் மண்ணும் தென்னைநார்க் கழிவும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பினால் போதும். வெயில் குறைந்த மூலையிலும் புதினா வளரும். கத்தரிக்குத்தான் நல்ல வெயில் வேண்டும்.